கலரும் தண்ணீரும்

பங்குனி மாதத்து வெயில் பள்ளிக்கூடத்து ஓடுகளைச் சுட்டுப் பழுக்க வைத்துக் கொண்டிருந்தது. பிற்பகல் இடைவேளைக்கு மணி அடித்ததுதான் தாமதம், எட்டாம் வகுப்புப் பையன்கள் கூட்டமாக வெளியே ஓடினார்கள். ஓடியவர்கள் குழாயடிக்குப் போகவில்லை. தெருவாசலுக்கு எதிரேயுள்ள பெட்டிக் கடைக்குப் போனார்கள். ஆளுக்கொரு சிறு புட்டி வாங்கி, அண்ணாந்து வாயில் கவிழ்த்துக் கொண்டார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று புட்டிக்குள்ளே பல நிறங்கள். நம் பக்கத்தில் இந்தப் பானங்களுக்கெல்லாம் மொத்தமாகக் 'கலர்' என்று பெயர். சர்க்கரை, தண்ணீர், வாயு, வர்ணம் ஆகிய நான்கும் சேர்ந்ததே இப்பானம். இந்த நான்கில் கடைக்காரரும் வாங்குகிறவரும் கண்ணால் பார்க்கக் கூடியது வர்ணம் ஒன்றுதான். ஆகையால் ஜனங்கள் வைத்த பெயர் பொருத்தமானதே.

கடைசியாகத் திரும்பி வந்த ஒரு பையனை நிறுத்தி, "ஏனப்பா, தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கக் கூடாதோ?" என்று கேட்டோம்.

"குழாயிலே தண்ணி வரலை, ஸார். வந்தாலும் நாத்தம் அடிக்குது" என்றான்.

"கடையில் தண்ணீரும் விற்கிறார்களே?"

"தண்ணி பத்து ரூபாய், ஸார். கலரும் பத்து ரூபாய்தான். பத்து ரூபாய் கொடுத்து யாராவது தண்ணி வாங்குவாங்களா?"

இருபது வருஷமாகப் பையன்களுக்குக் கணக்குப் போடக் கற்றுக் கொடுத்து வருகிறோம். ஆயினும் இந்தப் பையன் போட்ட கணக்கில் பிழை கண்டுபிடிக்க நம்மால் முடியவில்லை. ஒரே விலைக்கு இரண்டு பொருள்கள் கிடைக்கும்போது, பன்னிரண்டு வயதுப் பையன் இனிப்பானதை வாங்காமல் வேறு எதை வாங்குவான்?

உபாத்தியாயர் அறைக்குத் திரும்பியதும், "இந்தக் கலர்த் தண்ணீர் மீது நல்ல வரியாக ஒன்று போட்டு, அந்தப் பணத்தைக் கொண்டு பள்ளிக்கூடந்தோறும் குடிதண்ணீர் வைத்தால் என்ன?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டோம். சரித்திரம் கற்பிக்கும் நண்பர் இதைக் கேட்டுக் கையிலிருந்த விடைத்தாள்களைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உப்புக்கு வரி போட்டதற்காகக் காந்திமகான் தண்டிக்கு நடந்த தேசம் ஐயா இது! இங்கே சர்க்கரைக்கு வரி வேண்டும் என்று ஓர் உபாத்தியாயர் கேட்பதா?" என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் விஷயம் வேடிக்கையன்று. ஜனங்கள் ஒரு வரியை ஏன் வெறுக்கிறார்கள், மற்றொரு வரியை ஏன் தாங்களே விரும்பி ஏற்கிறார்கள் என்ற கேள்வி அதற்குள்ளே அடங்கியிருக்கிறது. ஆகவே இந்த வாரம் நேயர்களுடன் அதைப் பற்றியே சற்றுப் பேசலாம் என்று கருதுகிறோம்.

முதலில் நண்பருடைய ஆட்சேபத்துக்கு விடை சொல்லிவிடுவோம். 1930-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 6-ம் தேதி காந்தியடிகள் தண்டிக் கடற்கரையில் உப்பை எடுத்தார். அதே மாதத்தில் ராஜாஜி தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். உப்பு வரியை அவர்கள் எதிர்த்தது ஏன்? உப்பில்லாமல் யாரும் உயிர் வாழ முடியாது. ஏழை எவ்வளவு ஏழையானாலும் அந்த வரியிலிருந்து தப்ப வழியில்லை. அன்றியும், அவன் வீட்டு வாசலிலே கடல் கொண்டுவந்து கொட்டும் உப்பை அள்ளுவதையே அந்தச் சட்டம் குற்றமாக்கியது. கலர்த் தண்ணீரின் சமாசாரம் வேறு. அது இல்லாமல் வாழ முடியாதவர் எவரும் இல்லை. வரி கொடுக்க இஷ்டமில்லாதவர் அதைக் குடிக்காமல் இருந்தால் போதும். வரி விதிப்பவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள்! பொருளாதார சாஸ்திரத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஆடம் ஸ்மித் இந்தப் பேதத்தை 1776-லேயே எடுத்துக் காட்டியிருக்கிறார். உப்பை அத்தியாவசியப் பொருள்களோடு அவர் சேர்த்தார். சர்க்கரையோ எங்கும் அத்தியாவசியமல்லாதது, ஆயினும் எல்லோரும் வாங்குவது, ஆகையால் வரிக்கு மிகவும் ஏற்றது என்றார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. உப்பு வரியை நமக்குச் சுமத்திய அதே பிரிட்டன், தன் சொந்த ஜனங்களின் இனிப்புப் பானங்கள் மீது ஒரு வரியை அமுலுக்குக் கொண்டுவந்தது 2018-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 6-ம் தேதியில்தான். தேதியைத் தேர்ந்தெடுத்தவர்கள் தண்டியை நினைத்திருக்க மாட்டார்கள். நமக்கு நினைவு வருகிறது, அவ்வளவுதான்.

பிரிட்டனைப் பற்றிப் பிறகு சொல்வோம். இந்த வரியின் கதையில் முக்கியமான அத்தியாயம் மெக்ஸிகோ தேசத்தில் நடந்தது.

மெக்ஸிகோவில் வாயு ஏற்றிய இனிப்புப் பானம் என்பது விருந்தாளிக்குக் கொடுக்கும் விசேஷப் பொருள் அன்று. வீட்டுச் சாப்பாட்டின் ஓர் அங்கம். உலகத்தில் இத்தகைய பானங்களை மிக அதிகமாகக் குடிக்கும் ஜனங்களில் அவர்களும் சேர்ந்தவர்கள். சியாபாஸ் பிரதேசத்தில் சான் ஹுவான் சாமுலா என்னும் ஊரின் தேவாலயத்தில் பூஜைக்குரிய பொருள்களோடு கலர்ப் புட்டிகளும் வைக்கப்படுகின்றன. 2000 முதல் 2006 வரை அத்தேசத்தின் ஜனாதிபதியாயிருந்த விஸென்டே பாக்ஸ், அரசியலுக்கு வருமுன் கோகோ கோலா கம்பெனியின் மெக்ஸிகோ பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். அப்பேர்ப்பட்ட தேசத்திலே பெரியவர்களில் பத்துப் பேருக்கு ஏழு பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்களாகிவிட்டார்கள். நீரிழிவு வியாதி வீட்டுக்கு வீடு புகுந்தது.

வைத்தியர்களும், நுகர்வோர் சங்கத்தாரும், குழந்தைகள் நலனில் அக்கறை கொண்டவர்களும் ஒன்றுசேர்ந்து கிளர்ச்சி தொடங்கினார்கள். 2013-ல் அவர்கள் செய்த ஒரு விளம்பரம் பிரசித்தி பெற்றது. பன்னிரண்டு கரண்டிச் சர்க்கரையை யாராவது அப்படியே தின்பார்களா? மாட்டார்கள். பின், அதே சர்க்கரையைப் புட்டியிலிருந்து குடிப்பானேன்? இவ்வளவுதான் அந்த விளம்பரம் கேட்ட கேள்வி. 600 மில்லி லிட்டர் கொண்ட ஒரு கோலாப் புட்டியில் சுமார் 60 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. தேக்கரண்டியால் அளந்தால் பன்னிரண்டு கரண்டி வரும். கரைந்து மறைந்திருந்த சர்க்கரையைக் குவியலாகக் கண் முன்னே வைத்ததும், ஜனங்களுக்கு விஷயம் விளங்கிற்று.

ஆனால் அக்கிளர்ச்சிக்காரர்கள் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம் அதுவன்று. வரியை மட்டும் அவர்கள் கேட்கவில்லை. வரிப் பணத்தைக் கொண்டு பள்ளிக்கூடங்களில் நல்ல குடிதண்ணீர் வைக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். "வரி போடுங்கள்" என்று கேட்டால் ஜனங்கள் மடியைக் கெட்டியாகப் பிடித்துக் கொள்வார்கள். "உங்கள் குழந்தையின் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் வரும்" என்று சொன்னால், பிடி சற்றுத் தளரும்.

பானக் கம்பெனிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரங்கள் வந்தன. தொழிலாளரின் வேலை போய்விடும், கரும்பு விவசாயி நாசமாவான், சிறு கடைக்காரன் கடையைக் கட்டுவான் என்றெல்லாம் சொன்னார்கள். கிளர்ச்சிக்கு அமெரிக்கக் கோடீஸ்வரர் மைக்கேல் புளூம்பெர்க்கின் தர்ம நிதியிலிருந்து பணம் வருகிறதென்றும் குறை கூறினார்கள். அது உண்மைதான். ஆயினும் எதிர்ப்புறத்தாரிடம் இருந்த பணத்துக்கு முன்னால் அது பெரிய தொகையல்ல. லிட்டருக்கு 2 பெஸோ வேண்டும் என்பது கிளர்ச்சிக்காரர்களின் கோரிக்கை. ஜனாதிபதி பெனியா நியெட்டோவின் சர்க்கார் 2013-ல் கொண்டுவந்த சட்டத்தில் கிடைத்தது 1 பெஸோ. 2014-ம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதி அது அமுலுக்கு வந்தது. விலை ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து உயர்ந்தது.

பலன் என்ன? ஆராய்ச்சியாளர்கள் நகரங்களில் வீடு வீடாகக் கொள்முதல் கணக்கை எடுத்துப் பார்த்து, 2016-ல் வெளியிட்டார்கள். முதல் வருஷத்தில் வரி விதித்த பானங்களை ஜனங்கள் வாங்கியது சராசரி நூற்றுக்கு 6 குறைந்தது. வருஷக் கடைசியில், டிசம்பர் மாதத்தில், நூற்றுக்கு 12 குறைந்தது. ஏழைக் குடும்பங்களிலோ டிசம்பரில் நூற்றுக்கு 17 குறைந்தது. வரி இல்லாத பானங்கள், முக்கியமாகப் புட்டித் தண்ணீர், நூற்றுக்கு 4 அதிகமாக விற்றன. அடுத்த வருஷத்தில் ஜனங்கள் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்று பலர் ஜோஸ்யம் சொன்னார்கள். ஜோஸ்யம் பலிக்கவில்லை. 2015-ல் குறைவு நூற்றுக்குப் பத்தை நெருங்கிற்று.

ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். மெக்ஸிகோவில் உடற்பருமன் மறைந்துவிடவில்லை. நீரிழிவும் ஓடிப் போகவில்லை. பல வருஷங்களாக உடலில் சேர்ந்ததை ஒரு பெஸோ கரைத்துவிடுமா? அன்றியும், வரிப் பணம் பொதுக் கஜானாவில் போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூடங்களில் குடிதண்ணீர் அமைப்புகள் வைக்கச் சட்டம் செய்தார்கள். வைக்கவும் ஆரம்பித்தார்கள். ஆனால் வாக்களித்ததில் ஒரு பங்குதான் நிறைவேறியது. குழாய்ப் பாதி, கடுதாசிப் பாதி என்று நின்றது. எனினும் வரியை யாரும் எடுக்கவில்லை. 2026-ம் வருஷம் பிறந்தபோது அதை லிட்டருக்கு 3 பெஸோவுக்குச் சற்று மேலாக உயர்த்தியிருக்கிறார்கள்.

இனி ஐக்கிய அமெரிக்காவுக்கு வருவோம். ஜனங்களின் மனோபாவத்தை அறிய விரும்புகிறவருக்கு அந்நாட்டைப் போல் நல்ல பாடசாலை கிடைக்காது. அங்கே பல ஊர்களில் இவ்வரியை ஜனங்களின் நேர் வோட்டுக்கே விட்டார்கள்.

2014 நவம்பரில் ஒரே நாளில், வளைகுடாவின் இரு கரைகளிலும் உள்ள பெர்க்கிலி, ஸான் பிரான்ஸிஸ்கோ என்ற இரு நகரங்களில் வோட்டெடுப்பு நடந்தது. பெர்க்கிலியில் நூற்றுக்கு 76 பேர் வரி வேண்டும் என்றார்கள். ஸான் பிரான்ஸிஸ்கோவிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேண்டும் என்றே சொன்னார்கள். ஆயினும் அங்கே வரி தோற்றது! காரணம் என்னவென்றால், குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கென்று பணத்தை ஒதுக்கும் வரிக்கு அந்த ராஜ்யத்துச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு வோட்டு வேண்டும். பொதுக் கஜானாவுக்குப் போகும் வரிக்குப் பாதிக்கு மேல் இருந்தால் போதும். பெர்க்கிலிக்காரர்கள் இதை யோசித்து, வரியைப் பொது வரியாகவே வைத்துக்கொண்டு, பணத்தை எப்படிச் செலவிடலாம் என்று யோசனை சொல்ல ஒன்பது பேர் அடங்கிய நிபுணர் குழு ஒன்றையும் கூடவே ஏற்படுத்தினார்கள். சட்டத்துக்கும் பாதகமில்லை; ஜனங்களுக்கும் நம்பிக்கை. அவுன்ஸ் ஒன்றுக்கு ஒரு ஸெண்ட் வீதம் வசூலான வரியில் பள்ளிக்கூடத் தோட்டங்களும் சமையல் வகுப்புகளும் நடந்தன. வரி வந்த சில மாதங்களில், அந்நகரின் ஏழைப் பகுதிகளில் இனிப்புப் பானம் குடிப்பது நூற்றுக்கு 21 குறைந்ததாக ஓர் ஆராய்ச்சி கூறியது. ஸான் பிரான்ஸிஸ்கோவும் 2016-ல் மறுபடி வோட்டெடுத்து வரியை ஏற்றுக் கொண்டது.

பிலடெல்பியா நகரத்தின் கதை வேறு. அங்கே முன்னிருந்த மேயர் தேகாரோக்கியத்தைச் சொல்லி இரண்டு முறை வரி கேட்டார். இரண்டு முறையும் கிடைக்கவில்லை. அடுத்து வந்த மேயர் ஜிம் கென்னி ஆரோக்கியத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. சின்னக் குழந்தைகளுக்கு இலவசப் பாலர் வகுப்புகள், பூங்காக்கள், நூல் நிலையங்கள் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்று நேராகக் கேட்டார். கிடைத்துவிட்டது. 2017 ஜனவரியில் வரி வந்தது. நகரத்துப் பெரிய கடைகளில் விற்பனை பாதிக்குப் பாதி, நூற்றுக்கு 51, விழுந்தது. சிலர் எல்லை தாண்டிப் பக்கத்து ஊர்களில் போய் வாங்கினார்கள். அதைக் கழித்துப் பார்த்தாலும் நூற்றுக்கு 38 குறைவுதான்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. சிக்காகோ நகரம் அடங்கிய குக் ஜில்லாவில் வரவு செலவில் துண்டு விழுந்தது. அதை அடைப்பதற்காக இதே வரியைப் போட்டார்கள். சபையில் இரு புறமும் வோட்டுச் சமமாகி, தலைவியின் ஒற்றை வோட்டால் நிறைவேறிய வரி அது. சர்க்கரை இல்லாத பானத்துக்கும் அதே வரிதான். "கஜானா காலி, ஆகையால் வரி" என்பது ஜனங்களுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. ஆரோக்கியத்தைப் பற்றிப் பின்னால் சொன்ன வார்த்தைகளை யாரும் காதில் போட்டுக் கொள்ளவில்லை. 2017 ஆகஸ்டில் பிறந்த வரி, அக்டோபரில் ரத்தாகி, டிசம்பர் முதல் தேதியோடு முடிந்து போயிற்று. நான்கு மாத ஆயுசு!

பெர்க்கிலி, பிலடெல்பியா, குக் ஜில்லா ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கையில் ஓர் உண்மை தெளிவாகிறது. ஜனங்கள் வரியை வெறுக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்வது தவறு. கொடுத்த பணம் எங்கே போயிற்றென்று தெரியாத வரியைத்தான் அவர்கள் வெறுக்கிறார்கள். வரிக்கு எதிரான கூச்சல் கம்பெனிக்காரர்களின் பணத்தால் எழுவது ஓரளவு உண்மையே. ஆனால் ஜனங்களின் அவநம்பிக்கை அப்படி விலைக்கு வாங்கப்பட்டதல்ல, அனுபவத்தால் வந்தது.

பிரிட்டன் கையாண்ட வழி இவற்றிலிருந்து மாறுபட்டது. அங்கே குடிப்பவரைத் திருத்துவது நோக்கமன்று. தயாரிப்பவரைத் திருத்துவதே நோக்கம். 100 மில்லி லிட்டரில் 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் வரி கிடையாது. 5 கிராம் முதல் லிட்டருக்கு 18 பென்ஸ். 8 கிராம் முதல் 24 பென்ஸ். தொடங்கியபோது விகிதம் இதுதான். 2016 மார்ச்சில் அறிவித்துவிட்டு, "இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, சர்க்கரையைக் குறைத்துக் கொள்ளுங்கள்" என்று கம்பெனிகளுக்குச் சொல்லிவிட்டார்கள். வசூலாகும் பணம் பள்ளிக்கூட விளையாட்டுகளுக்கு என்றும் அறிவித்தார்கள்.

கம்பெனிக்காரர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். வரி கட்டுவதைக் காட்டிலும் சர்க்கரையைக் குறைப்பது லாபம் என்று கண்டுகொண்டார்கள். லூகோஸேட், ரைபீனா முதலிய பழைய பானங்களில் சர்க்கரை பாதிக்கு மேல் குறைந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் பிராணனைப் போல் நேசிக்கும் அயர்ன் புரு என்ற பானத்திலும் குறைத்தபோது, பழைய ருசி போய்விடுமென்று பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டில் பதுக்கி வைத்தவர்கள் உண்டு. 5 கிராமுக்கு மேற்பட்ட சர்க்கரை உள்ள பானங்கள் வரியில்லாவிடில் நூற்றுக்கு 49 இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். 2019 பிப்ரவரியில் அவை 15 ஆகிவிட்டன. பத்துப் பதினொரு வயதுப் பெண் குழந்தைகளிடையே உடற்பருமன், எதிர்பார்த்ததைவிட நூற்றுக்கு 8 குறைந்ததாக 2023-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. பையன்களிடம் அப்படிக் குறைவு தென்படவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பல் பிடுங்க வேண்டிய குழந்தைகளின் தொகையும் நூற்றுக்கு 12 குறைந்தது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், பல பேர் வரி என்று ஒரு காசும் கொடுக்காமலே பலன் அடைந்தார்கள்.

"ஏழையின் அற்ப சந்தோஷத்துக்கும் வரியா?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த ஆட்சேபத்தை நாம் அலட்சியம் செய்ய மாட்டோம். நாள் முழுதும் மூட்டை தூக்கியவன் ஒரு புட்டிக் கலர் வாங்கிக் குடிப்பதைப் பார்த்து முகம் சுளிக்க நமக்கென்ன யோக்கியதை? ஆனால் நீரிழிவு வியாதியின் செலவு வரியைவிடப் பெரியது. அதுவும் ஏழையிடமிருந்துதான் வசூலாகிறது. காலில் புண் வந்து இரண்டு மாதம் வேலைக்குப் போகாத மூட்டைக்காரனுக்கு எளிதில் நஷ்ட ஈடு கிடைப்பதில்லை. மெக்ஸிகோவில் அதிகமாகக் குறைத்துக் கொண்டவர்கள் ஏழைகளே என்பதையும் கவனிக்க வேண்டும். ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு: கலரை எட்டாத உயரத்தில் வைப்பவர்கள், தண்ணீரை எட்டும் இடத்தில் வைத்தாக வேண்டும். அதைச் செய்யாத வரி, வெறும் வரிதான்.

நமது தேசத்தின் நிலைமை என்ன? 2023-ல் வெளியான பெரியதோர் ஆராய்ச்சி, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. சென்னையிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் அதில் முக்கியப் பங்கு கொண்டார்கள். இவ்வளவு பேருக்கும் கலர்த் தண்ணீரால்தான் வியாதி வந்தது என்று சொல்வது அபத்தம். நம் அரிசிச் சோற்றுக்கும், உட்கார்ந்தே செய்யும் உத்தியோகத்துக்கும், வம்சத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் சிறு வயதிலேயே இனிப்புப் புட்டியைப் பழக்குவது எரிகிற வீட்டில் எண்ணெய் வார்ப்பதாகும்.

நமது நாட்டில் வரி இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது! 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது, வாயு ஏற்றிய இனிப்புப் பானத்துக்கு நூற்றுக்கு 28 வரி, அதற்கு மேல் 12 மேல்வரி, ஆக நூற்றுக்கு 40 என்று விதித்தார்கள். மேல்வரி எதற்கென்றால், மாநிலங்களின் வருமான நஷ்டத்தை ஈடு செய்வதற்கு. குழந்தைகளின் பல்லுக்கோ தண்ணீருக்கோ அன்று. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டையும் ஒன்றாக்கி, நேராகவே 40 என்று வைத்துவிட்டார்கள். மெக்ஸிகோவின் முதல் வரியைப் போல் நான்கு மடங்கு!

ஆனால் நம் வரிக்குச் சர்க்கரையை அளக்கத் தெரியாது. நிறையச் சர்க்கரை போட்ட புட்டிக்கும் 40. கொஞ்சம் போட்ட புட்டிக்கும் 40. சர்க்கரையே இல்லாமல் வேறு இனிப்புச் சரக்கு போட்டதற்கும் 40. தயாரிப்பவர் சர்க்கரையைக் குறைத்தால் அவருக்கு ஒரு காசு லாபம் உண்டா? கிடையாது. வாயு இல்லாத பழச்சாற்றுப் பானங்களுக்கோ அதே தேதியில் வரி 12-லிருந்து 5 ஆகக் குறைந்தது. மாம்பழப் படம் போட்ட புட்டியிலும் சர்க்கரை சேர்க்கிறார்கள் என்பது சீட்டைப் படித்துப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். பக்கத்து இலங்கையில் 2017 நவம்பரில் வரி போட்டபோது, சர்க்கரை 1 கிராமுக்கு 50 சதம் என்று கிராம் கணக்கிலே போட்டார்கள். அளக்க வேண்டியதை அளந்தார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் நாம் ஒரு கணக்குப் போட்டோம். பையன் வாங்கிய பத்து ரூபாய்க் கலரில் நூற்றுக்கு 40 வரியும் அடங்கியிருக்கிறது. முழு விலைக்கும் சேர்த்துக் கணக்கிட்டால், அதில் வரி மட்டும் ஏறக்குறைய 2 ரூபாய் 85 காசு. நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பு நாளொன்றுக்கு ஆளுக்கொரு புட்டி வாங்கினால் 114 ரூபாய். பள்ளிக்கூடம் நடக்கும் நாள்கள் இருநூறு என்று வைத்துக் கொண்டால், வருஷத்துக்கு 22,800 ரூபாய். எட்டாம் வகுப்புப் பையன்கள் தங்களுக்குத் தெரியாமலே தேசத்துக்குச் செலுத்தும் கப்பம் இது. தொட்டியைக் கழுவிக் குழாயைச் செப்பனிட்டு ஒரு வடிகட்டி வைப்பதற்கு, ஒரு வகுப்பு கொடுக்கும் இந்தப் பணம் ஏறக்குறையப் போதும் என்று நினைக்கிறோம்.

மறுநாள் அந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பையன்களைப் போடச் சொன்னோம். பெரும்பாலோர் சரியாகவே போட்டார்கள். முதல் நாள் நம்மை மடக்கிய அதே பையன் எழுந்து நின்று, "அந்தப் பணம் எங்கே போவுது, ஸார்?" என்று கேட்டான்.

பெர்க்கிலி நகரத்து வாக்காளர்களும் சிக்காகோ நகரத்து வாக்காளர்களும் கேட்ட அதே கேள்வி! ஒரு விடை கிடைத்தது. நூற்றுக்கு 76 பேர் கை தூக்கினார்கள். வேறொரு விடை கிடைத்தது. நான்கு மாதத்தில் வரியைத் தூக்கி எறிந்தார்கள். எட்டாம் வகுப்புப் பையனுக்கு நாம் என்ன விடை சொல்வது? "பொதுக் கஜானாவுக்குப் போகிறது. அங்கிருந்து சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் வருகிறது" என்றோம். பொய் சொல்லவில்லை. பையன் ஜன்னல் வழியாகக் குழாயடியைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து விட்டான்.

வரியைக் கிராம் கணக்கில் மாற்ற வேண்டியது டில்லியில் உள்ளவர்கள் வேலை. அதில் ஒரு பகுதியைப் பள்ளிக்கூடத் தண்ணீருக்கென்று வெளிப்படையாக ஒதுக்குவதும் அவர்கள் வேலையே. அதைக் கேட்பது நம் எல்லோருடைய கடமை. ஆனால் அவர்கள் செய்யும்வரையில் பையன்களின் தாகம் காத்திருக்காது.

ஆகையால் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் குழந்தை படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு இந்த மாதத்துக்குள் ஒரு நாள் போங்கள். தலைமை உபாத்தியாயரைப் பார்த்து மார்க்கு விசாரிப்பதற்கு முன்னால், நேரே குழாயடிக்குச் சென்று ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்துப் பாருங்கள். குடிக்கும்படி இருந்தால் சந்தோஷம். அந்தப் பள்ளிக்கூடத்தாருக்கு ஒரு நமஸ்காரம் சொல்லிவிட்டு வாருங்கள். குடிக்க முடியாமற்போனால், மற்றப் பெற்றோர் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மறுபடி போங்கள். நம்முடைய பள்ளிக்கூடத்தில் அந்த முயற்சியை இந்த வாரம் தொடங்கியிருக்கிறோம். சரித்திர ஆசிரியர் நண்பர்தான் மனுவில் முதல் கையெழுத்துப் போட்டார்.